மணி அடிக்கிறது, குரல் மட்டும் ஒரு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராமேசுவரம் தங்கும் விடுதிகள், மண்டபம், தொண்டிப் பக்கத்து மீன் கம்பெனிகள், கீழக்கரை டிராவல்ஸ் அலுவலகங்கள் என நம் கடலோரத்தில் பல இடங்களில் செம்புக் கம்பி டெலிபோன் போய், இன்டர்நெட் வழியே பேசும் ஐ.பி. போன் வந்துவிட்டது. கூடவே ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. மணி அடிக்கும். எடுத்தால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. சில இடங்களில் இதுவே தலைகீழாக நடக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நெருக்கத்தில் அறை கேட்டு அழைப்பவர் மூன்று தடவை "ஹலோ" சொல்லிப் பார்ப்பார், பிறகு அடுத்த விடுதிக்குப் போன் போட்டுவிடுவார். உடனே அலுவலகங்கள் போன் கருவியை மாற்றுகின்றன, அல்லது இன்டர்நெட் பிளானைக் கூட்டுகின்றன. இரண்டும் பெரும்பாலும் வீண்செலவு. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது, அதை வரிசையாகத் தேடினால் பிடித்துவிடலாம் என்பதற்காகவே இக்கடிதம்.

ஐ.பி. போனில் மணி அடிப்பது ஒரு வேலை, குரல் போவது இன்னொரு வேலை. யார் அழைக்கிறார், எடுத்தாரா, வைத்தாரா என்ற தகவல் 'சிப்' என்ற நெறிமுறையில், வழக்கமாக 5060ஆம் போர்ட்டில், அதாவது எண் போட்ட வாசலில், போகும். குரல் 'ஆர்.டி.பி.' என்ற வேறு நெறிமுறையில், யூ.டி.பி. என்ற முறையில் சிறு சிறு பொட்டலங்களாக (பாக்கெட்டுகளாக), வேறு போர்ட்டில் போகும். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட பி.பி.எக்ஸ்.களில், அதாவது அலுவலக எக்ஸ்சேஞ்சுகளில், இதற்குப் பொதுவாக 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கும். போகிற குரல் ஓர் ஓடை, வருகிற குரல் தனியாக இன்னோர் ஓடை. ஒன்று ஓடி மற்றொன்று அடைபட்டால் அதுதான் ஒருவழிக் குரல். மணி ஒழுங்காக அடித்தால் "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். மணி அடிப்பதால் குரலின் பாதையைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது.

அழைப்பு தொடங்கும்போதே இரு தரப்பும் "குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு" என்று சிப் செய்திக்குள் எழுதிக்கொடுக்கின்றன. நம் அலுவலக பி.பி.எக்ஸ். தன் முகவரி 192.168.1.10 என்று எழுதிக்கொடுத்தால் வெளியே இருப்பவரால் அங்கே எதையும் அனுப்ப முடியாது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையிலானவை, 192.168 என்று தொடங்குபவை எல்லாம் கட்டடத்துக்குள் புழங்க மட்டும் ஒதுக்கப்பட்ட முகவரிகள். வீட்டில் கூப்பிடும் பட்டப்பெயரைத் தபால் உறையில் எழுதியது போலத்தான் இது. நம்மூரில் ஒவ்வொரு தெருவிலும் அந்தப் பெயரில் ஒருவர் இருப்பார்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது "வேலை செய்யுதா?" என்பதல்ல, "யார் குரல் யாருக்குக் கேட்கவில்லை?" என்பது. வெளியாள் குரல் நமக்குக் கேட்கவில்லை, நம் குரல் அவருக்குக் கேட்கிறது என்றால், நாம் கொடுத்த முகவரி தப்பு, அல்லது நம் ரூட்டர் உள்ளே வரும் குரலைத் தடுக்கிறது. அலுவலகங்களில் மிகுதியாகக் காண்பது இதுதான். நம் குரல் அவருக்குக் கேட்கவில்லை, அவர் குரல் நமக்குத் தெளிவாக வருகிறது என்றால், முதல் சந்தேகம் மைக் மீது, அடுத்தது வெளியே போகும் யூ.டி.பி.யை மறிக்கும் ஃபயர்வால் மீது. இதைக் குறித்துக்கொள்ளாமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் அவர் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுவிட்டுப் போவார். அன்றைக்குச் சரியாகும், மறுவாரம் திரும்பி வரும்.

மைக் என்றதும் உப்புக் காற்றைச் சொல்லாமல் தீராது. பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி போலக் கடலை ஒட்டிய இடங்களில், கச்சான் வீசும் மாதங்களில், ரிசீவரின் சுருள் வயர் முனையில் இருக்கும் நான்கு முள் பிளக்கில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பெரும்பாலான போன்களில் அந்த நான்கில் நடு இரண்டு முள் காதுப் பக்கம், வெளி இரண்டு முள் மைக். வெளி முள்ளில் ஒன்று களிம்பேறினாலே போதும், நமக்குக் கேட்கும், நாம் பேசுவது போகாது. பார்ப்பதற்கு நெட்வொர்க் கோளாறு போலவே இருக்கும். ஸ்பீக்கர் பட்டனை அழுத்திப் பேசிப் பாருங்கள். ஸ்பீக்கரில் குரல் போய் ரிசீவரில் போகாவிட்டால் ரூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. பக்கத்து மேசையின் சுருள் வயரை மாற்றிப் போட்டு உறுதி செய்யலாம். முள்ளை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, மேலே உள்ள மெல்லிய தங்கப் பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சி போதும். வயரே கெட்டிருந்தால் புதியது வாங்குவதுதான் மலிவு. ஹெட்செட் வைத்திருப்பவர்கள் அதன் பிளக்கை ரிசீவர் துளையில் மாற்றிச் செருகியிருக்கிறார்களா, வயரில் உள்ள மியூட் சுவிட்ச் நகர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. நெட்வொர்க் கேபிளின் எட்டு முள் பிளக்கிலும் களிம்பு பிடிக்கும்தான். ஆனால் அது கெட்டால் போனே துண்டிக்கப்படும் அல்லது குரல் விட்டுவிட்டு வரும். சுத்தமான ஒருவழி மௌனத்துக்கு அது பெரும்பாலும் காரணமாகாது.

மைக் சரி என்றால் அடுத்தது எல்லையைப் பிரிப்பது. ஃப்ரீ பி.பி.எக்ஸ். போன்ற அமைப்புகளில் *43 அழுத்தினால் நாம் பேசியது நமக்கே திரும்பக் கேட்கும். அது கேட்டால் போனுக்கும் பி.பி.எக்ஸ்.க்கும் இடையே இரண்டு ஓடையும் ஓடுகின்றன. பிறகு ஓர் எக்ஸ்டென்ஷனிலிருந்து (அலுவலக உள் இணைப்பிலிருந்து) இன்னொன்றுக்குப் பேசிப் பாருங்கள். அதன்பின் அலுவலகப் போனிலிருந்து செல்போனுக்கு, செல்போனிலிருந்து அலுவலகத்துக்கு. உள்ளுக்குள் எல்லாம் சரி, வெளி அழைப்பு மட்டும் கோளாறு என்றால் அது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் இடத்தில், அதாவது ரூட்டரின் 'நாட்' வேலையில் இருக்கிறது. *43 சரி, ஆனால் இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றையொன்று கேட்கவில்லை என்றால், 'டைரக்ட் மீடியா' என்ற அமைப்பு திறந்திருக்கிறதா பாருங்கள். அது திறந்திருந்தால் பி.பி.எக்ஸ். நடுவிலிருந்து விலகிக்கொண்டு இரண்டு போன்களையும் நேராகப் பேசவிடும். இரண்டும் வேறு வேறு உள்வலையில் இருந்து நடுவே ஃபயர்வால் இருந்தால் குரல் வழியிலேயே நின்றுவிடும். அதை 'நோ' என்று வைத்துவிடுவதே சிறிய அலுவலகங்களுக்கு நல்லது.

இனி, நம் பகுதியில் அடிக்கடி காதில் விழும் சொல்: "கரண்ட் போய் வந்ததிலேர்ந்து இப்படி." இது மிக நல்ல துப்பு. பி.பி.எக்ஸ்.இல் நம் வெளி முகவரியைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். இன்டர்நெட் இணைப்பு மாறும் முகவரி கொண்டதாக இருந்தால், ரூட்டர் அணைந்து எழும்போது புதிய முகவரி கிடைக்கலாம். பி.பி.எக்ஸ். மட்டும் பழைய முகவரியையே எல்லோருக்கும் எழுதிக்கொடுத்துக் கொண்டிருக்கும். பி.பி.எக்ஸ். யு.பி.எஸ்.இல் இருந்து, ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சாதாரண பிளக்கில் இருக்கும் அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும். ஃபைபர் பெட்டி, ரூட்டர், போன்களுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச், பி.பி.எக்ஸ். நான்கும் ஒரே யு.பி.எஸ்.இல் இருக்க வேண்டும். நிலையான முகவரிக்குப் பணம் கட்டி வாங்குவதே நிம்மதி. முடியாதென்றால், மாறும் முகவரியைத் தொடர்ந்து சுட்டிக்காட்டும் டைனமிக் டி.என்.எஸ். பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முகவரி மாறியதும் பி.பி.எக்ஸ். புதியதை எடுத்துக்கொள்கிறதா என்று ரூட்டரை ஒருமுறை வேண்டுமென்றே அணைத்துப் போட்டுச் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

நிலையான முகவரி இருக்கிறதாகச் சொல்லி விற்றுவிட்டு, உண்மையில் பலருக்கும் பொதுவான முகவரிக்குப் பின்னால் உட்காரவைத்திருப்பதும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' (வெளிப்பக்க) முகவரி என்று காட்டுவதையும், வெளித்தளம் ஒன்றில் "என் ஐ.பி. என்ன" என்று கேட்டால் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது காட்டினால், சேவை நிறுவனம் தன் பக்கத்தில் இன்னொரு முறை முகவரி மாற்றுகிறது என்று பொருள். 2012இல் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி அது. சிம் போட்ட ரூட்டர்களில் இது வழக்கம். அங்கே நாம் எத்தனை போர்ட்டைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. ரூட்டரில் 192.168 என்று காட்டினால் ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டராக வேலை செய்கிறது, அதன் பின்னால் நம் ரூட்டர் இரண்டாவதாக நிற்கிறது. ஃபைபர் பெட்டியை, ரூட்டர் வேலை செய்யாமல் வெறும் பாலமாக நிற்கும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, இணைப்பில் நுழைவதற்கான பி.பி.பி.ஓ.இ. பெயரும் கடவுச்சொல்லும் நம் ரூட்டரில் போட்டால் ஒரு மாற்றம் குறையும்.

அடுத்த குற்றவாளி 'சிப் ஏ.எல்.ஜி.'. ரூட்டர் செய்பவர்கள் உதவி செய்வதாக நினைத்து வைத்த வசதி இது. சிப் செய்தியைத் திறந்து உள்ளே இருக்கும் முகவரியைத் தானே திருத்தி எழுதும். பாதியைத் திருத்தி மீதியை விட்டுவிடும், அல்லது பி.பி.எக்ஸ். ஏற்கெனவே சரியாக எழுதியதைக் கெடுத்துவிடும். பல ரூட்டர்களில் வாங்கும்போதே இது திறந்திருக்கும். ஃபயர்வால், நாட் அல்லது ஏ.எல்.ஜி. என்ற பக்கத்தில் சிப் என்பதற்கு எதிரே உள்ள டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, ரூட்டரை அணைத்துப் போட வேண்டும். ரூட்டர் பழைய தடங்களை நினைவில் வைத்திருப்பதால், அணைத்துப் போடாமல் சோதித்துவிட்டு "இதனாலயும் சரியாகலை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில ஃபைபர் பெட்டிகளில் அந்தப் பக்கமே வாடிக்கையாளருக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். அப்போது பிரிட்ஜ் முறை கேட்கலாம், அல்லது டிரங்க் நிறுவனம் (வெளி அழைப்புகளை நம் பி.பி.எக்ஸ்.க்கு இணைத்துத் தருபவர்) ஒத்துக்கொண்டால் 5061ஆம் போர்ட்டில் டி.எல்.எஸ். என்ற மறையாக்க முறையை வைத்துக்கொள்ளலாம். பூட்டிய உறையை ரூட்டரால் பிரித்துத் திருத்த முடியாது.

இதையெல்லாம் முடித்த பிறகே பி.பி.எக்ஸ்.இல் கை வைக்க வேண்டும். வெளி முகவரி இரண்டு இடத்தில் எழுதப்பட வேண்டும், சிக்னலுக்கு ஒன்று, மீடியாவுக்கு ஒன்று. மீடியாவுக்கானதை மறந்தால் மணி அடிக்கும், குரல் வராது. 'லோக்கல் நெட்' பட்டியலில் அலுவலகத்தின் எல்லா உள்வலைகளும் இருக்க வேண்டும். வி.பி.என். (இன்டர்நெட்டுக்குள் போடும் தனிப்பாதை) வழியே இணைந்த கிளையின் வலையை அதில் சேர்க்காவிட்டால், அந்தக் கிளைக்கும் வெளி முகவரியே போய்ச் சேர்ந்து குரல் தடுமாறும். வெளியிலிருந்து இணையும் எக்ஸ்டென்ஷன்களுக்கு 'ஆர்.டி.பி. சிமெட்ரிக்', 'ஃபோர்ஸ் ஆர்போர்ட்', 'ரீரைட் கான்டாக்ட்' மூன்றும் 'யெஸ்'. எழுதிக்கொடுத்த முகவரியை நம்பாமல், பாக்கெட் உண்மையில் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பச் சொல்வது சிமெட்ரிக்கின் வேலை. இதனால் பாதிக் கோளாறு தானாகவே தீரும். தலைமை அலுவலகத்திலும் கிளையிலும் ரூட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 192.168.1 என்ற ஒரே வலையை வைத்துக்கொண்டு வி.பி.என். போடுவது அடுத்த தலைவலி. ஒரு பக்கத்தை 192.168.50 என்பது போல மாற்றாமல் அது தீராது.

"பத்துக் காலில் நாலஞ்சு கேக்கல" என்ற புகாருக்குத் தனிக் காரணம் இருக்கிறது. பி.பி.எக்ஸ்.இல் 10000 முதல் 20000 வரை இருக்க, ரூட்டரில் 10000 முதல் 15000 வரை மட்டும் திறந்திருப்பார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் பி.பி.எக்ஸ். அந்த எல்லைக்குள் ஏதோ ஒரு போர்ட்டைப் பொறுக்கும். திறந்த பாதியில் விழுந்தால் குரல், மூடிய பாதியில் விழுந்தால் மௌனம். உண்மையில் சிறிய அலுவலகத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. வெளி அழைப்பு ஒன்றுக்கு பி.பி.எக்ஸ்.இல் போன் பக்கம் ஓர் இணைப்பு, டிரங்க் பக்கம் ஓர் இணைப்பு. இணைப்புக்கு இரண்டு போர்ட், ஆக நான்கு. ஒரே நேரத்தில் பத்து அழைப்பு என்றாலும் 40 போர்ட்தான். இரண்டு பக்கத்திலும் 10000 முதல் 10200 என்று சுருக்கி வைத்தால் தாராளம். எண்கள் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதே முக்கியம். இதே போன்ற இன்னொரு காரணம், டிரங்க் நிறுவனத்தின் சிக்னல் முகவரியை மட்டும் ஃபயர்வாலில் அனுமதித்திருப்பது. பல நிறுவனங்களில் குரல் வேறு சர்வரிலிருந்து வரும். அந்த மீடியா முகவரிகளின் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேடிப் பார்க்கப் பொறுமை இல்லாத சிலர் பி.பி.எக்ஸ்.ஐ ரூட்டரின் 'டி.எம்.ஜெட்.'டில், அதாவது எல்லாப் போர்ட்டும் வெளியே திறந்திருக்கும் இடத்தில், போட்டுவிடுகிறார்கள். குரல் உடனே வந்துவிடும், வந்தவருக்கும் நல்ல பெயர். ஆனால் அது கடைக் கதவைக் கழற்றி வைத்ததற்குச் சமானம். 5060ஆம் போர்ட் திறந்திருக்கும் இயந்திரங்களை உலகெங்கும் நிரல்கள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று இருந்தால், ராத்திரியோடு ராத்திரியாக வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போய், பில் அலுவலகத்தின் பெயரில் வரும். 5060 டிரங்க் நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். ஐ.எஸ்.டி. தேவையில்லாத அலுவலகம் அதை நிறுவனத்தின் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.

இன்டர்நெட் வேகத்தின் மேல் பழி போடுவதும் சரியல்ல. ஜி.711 கோடெக்கில் (குரலை எண்ணாக்கும் முறையில்) ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஈத்தர்நெட் சுமையோடு சேர்த்தே விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட்தான் ஆகும். பத்து அழைப்புக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு. வேகம் போதாவிட்டால் குரல் துண்டு துண்டாக வருமே தவிர, ஒரு பக்கம் முழு மௌனம் ஆகாது. சி.சி.டி.வி. கேமராக்கள் எல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் மேலே போகும் பாதை நெரிந்து நம் குரல் மட்டும் அவர்களுக்கு உடைந்து கேட்கும். அது வேறு நோய். "வாட்ஸ்அப் கால் மட்டும் எப்படி நல்லா வருது?" என்று முதலாளிகள் கேட்பது நியாயமான கேள்விதான். அத்தகைய செயலிகளில் நேர்வழி அடைபட்டால் நடுவில் உள்ள சர்வர் வழியாகக் குரலைக் கடத்தும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அலுவலக பி.பி.எக்ஸ்.இல் அந்த வழியை நாம்தான் அமைக்க வேண்டும்.

முதலில் இரண்டு பக்கமும் கேட்டு, ஹோல்டில் போட்டு எடுத்தபின் ஒரு பக்கம் போய்விட்டால், ரூட்டர் தன் தடத்தை மறந்திருக்கலாம். பதில் வராத யூ.டி.பி. தடத்தைப் பல ரூட்டர்கள் 30 விநாடியில் அழித்துவிடும். பேசாத நேரத்தில் பாக்கெட் அனுப்புவதை நிறுத்தும் 'சைலன்ஸ் சப்ரெஷன்' போனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒருவழிக் குரலோடு அழைப்பும் சரியாக 32 விநாடியில் அறுந்தால் அது தற்செயல் அல்ல. எடுத்ததற்கான ஒப்புகை நம்மை வந்தடையாதபோது சிப் காத்திருக்கும் நேரம் அது. அரை விநாடியின் 64 மடங்கு. முகவரிக் கோளாறு சிக்னலிலும் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

வாக்குவாதம் வந்தால் சாட்சி பாக்கெட்தான். பி.பி.எக்ஸ்.இல், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் எஸ்.என்.கிரெப் அல்லது டி.சி.பி.டம்ப் நிரலை ஓடவிட்டு, செல்போனிலிருந்து அழைத்துப் பத்து விநாடி இரு பக்கமும் பேசுங்கள். 20 மில்லி விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு திசைக்கு விநாடிக்கு 50 பாக்கெட், பத்து விநாடிக்குச் சுமார் 500. ஒரு திசையில் 500, மறு திசையில் பூஜ்யம் என்றால் எந்த ஓடை அடைபட்டது என்று பேச வேண்டியதே இல்லை. இரு திசையிலும் 500 இருந்தும் ஒன்றில் மௌனம் என்றால் பதிவை வயர்ஷார்க் என்ற நிரலில் திறந்து ஓட்டிக் கேளுங்கள், திரும்ப மைக்குக்கே வந்துவிடுவீர்கள். சிப் செய்தியில் 'சி' என்று தொடங்கும் வரியில் குரலுக்கான முகவரி, 'எம்' என்று தொடங்கும் வரியில் போர்ட்டும் கோடெக்கும் இருக்கும். டிரங்குக்குப் போகும் செய்தியின் அந்த 'சி' வரியில் 192.168 தெரிந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்.

கேட்டுக்கொள்வது மூன்றுதான். இன்டர்நெட் சேவை நிறுவனங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே இது தனி முகவரியா, பலருக்குப் பொதுவான முகவரியா, சிப் ஏ.எல்.ஜி.யை வாடிக்கையாளர் அணைக்க முடியுமா என்று எழுதித் தர வேண்டும். ஐ.பி. போன் வாங்கும் அலுவலகங்கள், அரசு அலுவலகங்கள் உட்பட, பில்லைத் தீர்க்கும் முன் உள்வரும் அழைப்பு, வெளிச்செல்லும் அழைப்பு, ஹோல்டு, டிரான்ஸ்பர் நான்கிலும் இரு பக்கக் குரலையும் சோதித்து, ரூட்டரை அணைத்துப் போட்டபின் அதே சோதனையை இன்னொரு முறை செய்து கையெழுத்து வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மீனவ கிராமங்களிலிருந்து அழைப்பு வரக்கூடிய ஒவ்வோர் அலுவலகமும் தன் எண்ணுக்குச் செல்போனிலிருந்து ஓர் அழைப்பு போட்டு, இரு முனையிலும் ஆளை வைத்து, ஒரு நிமிடமாவது பேசிப் பார்க்க வேண்டும். மணி அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஐ.பி. தொலைபேசிப் பராமரிப்பாளர்,
உச்சிப்புளி.